போர்டில் மைனஸ் 18, பெட்டிக்குள் மைனஸ் 11

ஃப்ரீசர் வைத்திருக்கும் கடைக்காரர்கள் கவனத்துக்கு. கூலிங் குறைகிறது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டால், கோளாறைத் தொடாமல் டிஸ்பிளேயில் தெரியும் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு பில் போடும் வேலை நடக்கிறது.

ஒரு ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசர் மைனஸ் 11க்குக் கீழே இறங்கவில்லை. வந்த மெக்கானிக், வெப்பத்தைப் பார்த்து கம்ப்ரசரை ஓட்டி நிறுத்தும் கன்ட்ரோலரை "போர்டு போச்சு" என்று கழற்றிக்கொண்டு போய், மறுநாள் கொண்டுவந்து மாட்டினார். கேஸ் அடித்ததாகவும் பில்லில் ஒரு வரி. டிஸ்பிளே மைனஸ் 18 காட்டியது. "பாருங்கண்ணே, கட்-ஆஃப் ஆயிடுச்சு" என்றார். கம்ப்ரசர் நின்ற சத்தம் கேட்டதும் கடைக்காரருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. நாலாம் நாள் கப்பில் இருந்ததெல்லாம் கூழ்.

அவர் செய்தது இவ்வளவுதான்: சென்சார் படிக்கும் எண்ணைக் கூட்டிக் குறைத்துக் காட்டும் சென்சார் திருத்தம் என்ற செட்டிங்கில் மைனஸ் 7 போட்டார். அசல் மைனஸ் 11, போர்டில் மைனஸ் 18. கன்ட்ரோலர் கம்ப்ரசரை நிறுத்துவதும் இந்தத் திருத்திய எண்ணை வைத்துத்தான். அதனால் கட்-ஆஃப் ஆவது எதற்கும் சாட்சி இல்லை.

எஸ்டிசி-1000 என்ற மாடல் வகை போர்டில் இந்தத் திருத்தம் எஃப்4. எஸ் பட்டனை 3 விநாடி பிடித்தால் மெனு திறக்கும், அம்புக்குறியால் எஃப்4 வரை போய், எஸ்ஸைப் பிடித்தால் மதிப்பு தெரியும். கூட்டியோ குறைத்தோ 10 டிகிரி வரை போடலாம். டிக்ஸெல் கம்பெனி போர்டுகளில் ஓ, டி என்ற இரண்டெழுத்து: செட், கீழ் அம்பு இரண்டையும் சேர்த்து 3 விநாடி. அங்கே இல்லாவிட்டால் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டு, அதே இரண்டையும் 7 விநாடிக்கு மேல் பிடியுங்கள், மறைவு மெனு வரும். ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி திருத்தம் நியாயம். அதற்கு மேல் இருந்தால் காரணம் கேளுங்கள்.

மெனுவில் நுழையத் தயக்கமா? ஒரு டம்ளர் போதும். நொறுக்கிய ஐஸை அடிவரை நிரப்பி, இடைவெளி நிரம்பும் அளவு மட்டும் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் அதிகமாகி ஐஸ் மிதந்தால் அடியில் 4 டிகிரி வரை ஏறிவிடும். சென்சாரை வெளியே இழுத்து, முனை டம்ளர் சுவரைத் தொடாமல் நடுவில் விட்டு, கலக்கிக்கொண்டே 5 நிமிடம். பூஜ்யம், ஒரு டிகிரி முன்னே பின்னே காட்ட வேண்டும். அந்தக் கடையில் மைனஸ் 7 காட்டியது.

அசல் கோளாறு, காயிலில் படியும் பனியை உருக்கும் டீஃப்ராஸ்ட் ஹீட்டர். அது எரிந்துபோனால் கூலிங் காயில் பனிக்கட்டியாக அடைத்து, விசிறிக்காற்று உள்ளே புகாது. பெட்டியின் பின்தகட்டைக் கழற்றினால் கண்ணுக்கே தெரியும். மெயினை நிறுத்தி, ஹீட்டர் ஒயரைக் கழற்றி மல்ட்டிமீட்டரில் பாருங்கள்: 230 வோல்ட், 500 வாட் ஹீட்டருக்கு 105 ஓம் அளவில் வரும். ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. இதற்கு கேஸ் எதற்கு, சொல்லுங்கள்!

சென்சாரை மாற்றியதாகச் சொல்லும் இடத்திலும் கவனம் வேண்டும். சென்சாரில் இரண்டு வகை. என்டிசி என்றால் குளிரக் குளிர ஓம் ஏறும்: 25 டிகிரியில் 10 கிலோ ஓம், ஐஸ் தண்ணீரில் சுமார் 27 கிலோ ஓம். பிடிசி நேரெதிர், 1000 ஓம் சுற்றி இருப்பது ஐஸில் 800 பக்கம் இறங்கும். போர்டுக்குப் பொருந்தாத வகையை மாட்டினால் சென்சார் எரர் வரும் அல்லது கண்டபடி எண் ஓடும். உடனே "போர்டும் போச்சு" என்பார்கள். நம்பாதீர்கள்.

இன்னொன்று, கம்ப்ரசர் தாமதம், அதாவது நின்ற கம்ப்ரசர் மறுபடி ஓடுவதற்கு முன் காத்திருக்கும் நேரம். எஸ்டிசியில் எஃப்3. அது 3 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் உயர்த்தச் சொல்லுங்கள். "சீக்கிரம் கூலிங் ஆகும்" என்று குறைத்துவிட்டுப் போகிறார்கள். கரண்ட் போய் உடனே வரும்போது பிரஷர் சமமாகாமல் கம்ப்ரசர் முக்கும், ஓவர்லோடு டிரிப் ஆகும். அடுத்த பில் கம்ப்ரசருக்கு வரும்.

உறைந்த உணவுக்கு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ கேட்பது மைனஸ் 18 அல்லது அதற்கும் கீழே. சோதனைக்கு வருபவர் கையில் தனி தெர்மாமீட்டர் இருக்கும், உங்கள் டிஸ்பிளேயைப் பார்க்க மாட்டார். நீங்களும் ஒன்று வாங்கி, பெட்டியின் நடுத்தட்டில் போட்டுவையுங்கள். மெக்கானிக் பணம் கேட்கும்போது அதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.