ஒன்பதாம் வகுப்புக்கு எந்தப் படிவம்?

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகளின் கண்ணைச் சோதிக்க ஆள் வருகிறார்கள், பல்லையும் ரத்தசோகையையும் பார்க்கிறார்கள். மனசைப் பார்ப்பது மட்டும் பெரும்பாலும் ஸ்டாஃப் ரூம் பேச்சோடு சரி. “அவன் சரியான வாலு”, “அது வாயே திறக்காது”, அவ்வளவுதான். 2015-16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர். அந்த மூன்று பேர் யார் என்று தெரிந்துகொள்ள நாலைந்து வழி இருக்கிறது.

செலவே இல்லாத வழி, வகுப்பாசிரியரிடம் பெயர் கேட்பது. ஆனால் பொதுவாக “யாருக்குப் பிரச்சினை?” என்று கேட்டால் பெஞ்சைத் தட்டுகிறவன், கட் அடிக்கிறவன் பெயர்தான் வரும். உள்ளுக்குள் புழுங்குகிற பிள்ளை ‘ரொம்ப நல்ல பொண்ணு’ என்ற பட்டத்தோடு தப்பிவிடும். அதனால் இரண்டு பட்டியல் கேட்க வேண்டும்: சேட்டைக்கு ஒன்று, ஒதுங்கியிருப்பதற்கு ஒன்று. இரண்டாவதை எழுதும்போது நானே பத்து நிமிடம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது, வீட்டில் நிரப்புகிற படிவம். பி.எஸ்.சி. (பீடியாட்ரிக் சிம்ப்டம் செக்லிஸ்ட்) என்கிற, பிள்ளையின் மனநிலையையும் நடத்தையையும் பற்றிய 35 கேள்விப் பட்டியல் அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்களிடம் வரும் பெற்றோருக்காக உருவானது. 6 முதல் 16 வயதுவரை 28 மதிப்பெண் வந்தால் மேற்கொண்டு பார்க்கச் சொல்வார்கள். 17 கேள்விச் சுருக்கமும் உண்டு, அதற்கு எல்லை 15. நல்ல கருவிதான். ஆனால் நம் ஊரில் அதை யார் நிரப்புவது? அப்பா சிங்கப்பூரில், அம்மா வேலைக்கு, பையன் அப்பத்தாவிடம். பள்ளத்தூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேள்விகளை நானே வாசித்தேன். “கவலையா? அவனுக்கென்ன கவலை டீச்சரம்மா, அவங்கப்பன் மாசாமாசம் பணம் அனுப்புறான்ல” என்றார் அப்பத்தா. அவர் பொய் சொல்லவில்லை. பேரன் சாப்பிடுகிறான், தூங்குகிறான், அவருக்குத் தெரிந்தது அது. அதே பையன் பள்ளியில் தான் நிரப்பிய தாளில், பெரும்பாலும் தனியாகவே இருக்கிறேன் என்பதற்கு நேராக ‘நிச்சயமாக உண்மை’ போட்டிருந்தான்.

அந்தத் தாள்தான் எஸ்.டி.கியூ., பிள்ளையின் பலங்களையும் சிரமங்களையும் கேட்கும் படிவம். 1997இல் பிரிட்டனைச் சேர்ந்த ராபர்ட் குட்மேன் வெளியிட்டது. மொத்தம் 25 வரி, ஐந்து பிரிவு: மன உளைச்சல், நடத்தை, துறுதுறுப்பும் கவனமின்மையும், சகமாணவர் உறவு, கடைசியாகப் பிறருக்கு உதவும் குணம். 11 வயதுக்கு மேல் பிள்ளையே நிரப்பலாம். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தனித்தனிப் படிவம் உண்டு. தமிழிலும் இருக்கிறது. லாப நோக்கமில்லாமல் தாளில் நகலெடுத்துக் கொடுக்கக் காசு கிடையாது, ஆனால் அனுமதி வாங்காமல் கூகுள் ஃபார்மில் ஏற்றக் கூடாது. எனக்குப் பிடித்தது அந்த ஐந்தாவது பிரிவு. பிள்ளையின் குறையை மட்டும் தோண்டாமல், தின்பண்டத்தைப் பங்கு போடுவாயா என்கிற மாதிரியும் கேட்கிறது.

குறையும் உண்டு. ஒரு மாணவி 25 வரிக்கும் நடுக் கட்டத்திலேயே டிக் அடித்திருந்தாள், ‘ஓரளவு உண்மை’. நடுக் கட்டத்துக்கு ஒரு மதிப்பெண். உதவும் குணத்தின் ஐந்து வரியை விட்டுவிட்டுக் கூட்டினால் 20. பிள்ளையே நிரப்பும் படிவத்தில், பிரச்சினை அதிகம் என்கிற உச்ச நிலை 20இல்தான் தொடங்குகிறது. பதறிப்போய்க் கூப்பிட்டால், “எது சரியான ஆன்சர்னு தெரியல டீச்சர், அதான் நடுவுல போட்டேன்” என்கிறாள். பரீட்சை என்று நினைத்துவிட்டாள். இதில் சரி தப்பு கிடையாது என்று நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று, எஸ்.டி.கியூ.வில் தற்கொலை எண்ணம் பற்றிக் கேள்வியே இல்லை. மனச்சோர்வுக்கான பி.எச்.கியூ. ஒன்பது கேள்விப் படிவத்தின் வளரிளம் வடிவத்தில் ஒன்பதாவது கேள்வி அதுதான். அதற்காகவே சிலர் இதை முதலில் கொடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று வந்தால் அன்றைக்கே ஒருவர் அந்தப் பிள்ளையோடு உட்கார வேண்டும். சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தாளை வாங்கி வைத்துவிட்டு, திங்கட்கிழமை திருத்தலாம் என்று விடுகிற விஷயம் இல்லை. ஆலோசகர் பள்ளியில் இருக்கும் நாளில், அவர் கையால் கொடுக்கட்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸின் 14416 எண்ணையும் கரும்பலகையில் எழுதிப் போடலாம்.

பிள்ளைகளின் மனநிலையையும் நடத்தையையும் விரிவாகப் பார்க்கும் ஆக்கன்பாக் படிவம் என்று ஒன்றும் உண்டு; நூற்றுக்கும் மேற்பட்ட கேள்வி, காசும் கொடுக்க வேண்டும். அது மருத்துவருக்கு, வகுப்பறைக்கு இல்லை.

என்னைக் கேட்டால், ஒன்பதாம் வகுப்புக்கு எஸ்.டி.கியூ.வைப் பிள்ளையே நிரப்பட்டும், கூடவே வகுப்பாசிரியரின் இரண்டு பட்டியல். இரண்டில் எதில் பெயர் வந்தாலும் அதே வாரத்தில் கூப்பிட்டுப் பேச வேண்டும். வீட்டுப் படிவத்தை அதற்கு அப்புறம், தேவைப்பட்டால் மட்டும். பிள்ளைகள் படிவம் நிரப்புவது மூன்று பேர் நெருக்கி உட்காரும் பெஞ்சில் வேண்டாம், பக்கத்துப் பையன் எட்டிப் பார்ப்பான். பரீட்சைக்கு உட்காருவதுபோல் தள்ளி உட்கார வைக்கலாம். தாளில் பெயருக்குப் பதில் எண், எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியல் தனியாகப் பூட்டிய பீரோவில். நாங்கள் முதல் தடவை செய்தபோது தாள்கள் ஸ்டாஃப் ரூம் மேசையில் ஒரு நாள் முழுக்கக் கிடந்தன. மறுநாள் ஒரு பையனை விளையாட்டு வகுப்பில் ‘மெண்டல்’ என்று கூப்பிட்டார்கள்.