பல்லாண்டு ஃபாக்ஸ்குளோவ்: மஞ்சளுக்கே என் ஓட்டு

ஃபாக்ஸ்குளோவ் பூச்செடி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஊதாப் பூ பூக்கும் பர்பூரியா வகைதான். முதல் வருடம் வெறும் இலையோடு உட்கார்ந்திருக்கும், மறு வருடம் ஆளுயரத்துக்குப் பூக்கும், விதையைக் கொட்டிவிட்டுப் பெரும்பாலும் செத்துப்போகும். வருடா வருடம் நாற்று விட எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் பல வருடம் வாழும் பல்லாண்டு வகை இரண்டை வாங்கினேன்: கிராண்டிஃபுளோரா விதைப் பாக்கெட், மெர்ட்டோனென்சிஸ் நாற்று.

பார்த்ததும் மயக்குவது மெர்ட்டோனென்சிஸ்தான். நசுக்கிய ஸ்ட்ராபெர்ரி நிறம், அதில் லேசாகச் செம்புச் சாயல். பர்பூரியாவையும் கிராண்டிஃபுளோராவையும் இணைத்து, இங்கிலாந்தின் மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் 1920களில் உருவாக்கிய கலப்பு இது. கலப்பினமாக இருந்தும் விதையிலிருந்து அதே பூ வருகிறது, அது பெரிய விஷயம். ஆனால் ஆயுசு குறைவு. பூத்து முடிந்ததும், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தோண்டிப் பிரித்து நடாவிட்டால் நோஞ்சானாகிவிடும். பல்லாண்டுச் செடி என்று சொல்லி விற்பது பாதி உண்மைதான்.

கிராண்டிஃபுளோரா அப்படியில்லை. இரண்டு மூன்று அடிதான் வளரும், முட்டுக்கொடுக்கத் தேவையில்லை. இளமஞ்சள் மணிகள், உள்ளே எட்டிப் பார்த்தால் பழுப்பு வலைக்கோடுகள். வண்டுத்தேனீக்கள் கீழ்ப்பூவில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக மேலே ஏறும், அதைப் பார்த்துக்கொண்டே வேலையை மறந்துவிடுவேன். வாடிய முதல் தண்டை வெட்டினால் பக்கத்தில் சின்னத் தண்டுகள் கிளம்பும். கேட்பதெல்லாம் அரை நிழல், மட்கு கலந்த ஈர மண், தண்ணீர் தேங்காத இடம். குளிரை நன்றாகவே தாங்கும். ஆனால் குளிர்காலத்தில் அடியில் ஈரம் நின்றால் குருத்து அழுகிவிடும். சுட்டெரிக்கும் வெயிலும் ஆகாது.

சரி, பாக்கெட்டுக்கு வருவோம். செடி அருமை, அட்டை மோசம். விதையை மண்ணால் மூடச் சொல்கிறது. தூசி மாதிரி இருக்கிற இந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். ஈர மண்மேல் தூவி லேசாக அழுத்திவிட்டு, தட்டில் தண்ணீர் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விட்டால் போதும், இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். படத்தில் இருக்கும் அடர்மஞ்சளையும் நம்ப வேண்டாம்.

அதைவிட எரிச்சல், விஷம் என்ற ஒரு வார்த்தை அட்டையில் எங்கும் இல்லை. இலை, பூ, விதை எல்லாமே இதயத்தைத் தாக்கும். காய்ந்தாலும் விஷம் போகாது. ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங் 1785இல் பர்பூரியா இலையின் மருத்துவப் பயனைப் பற்றிப் புத்தகமே எழுதினார், அளவு தப்பினால் ஆபத்து என்பதும் அப்போதே தெரியும். பூக்காத பர்பூரியாவின் இலையைக் காம்ஃப்ரி என்ற மூலிகை என்று நினைத்துத் தின்று விஷமேறியவர்கள் உண்டு. கையுறை போட்டுக்கொண்டு வெட்டுங்கள். எதையும் வாயில் வைக்கும் வயதில் குழந்தை வீட்டில் இருந்தால் இரண்டு வகையுமே வேண்டாம்.

செடிக்கு ஐந்துக்கு நாலரை, பாக்கெட்டுக்கு ஒன்று. அடுத்த முறை கிராண்டிஃபுளோராவுக்கு விதை வாங்கப் போவதில்லை, ஒரு தண்டை வெட்டாமல் காயவிட்டிருக்கிறேன்.