தரம் 10 கணிதம் பகுதி 1: தையல் மேசையில் வைத்துப் படித்த புத்தகம்

மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டோடு சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். வருசம் தொடங்கினால் சீருடைத் துணி குவியும். அளவு கொடுக்க வருகிற தாய்மார் உடனே போகமாட்டார்கள், இருந்து கதைப்பார்கள். இந்த முறை எல்லாருக்கும் ஒரே கதை, கணிதம். "புத்தகம் சரியில்ல கா, நம்மட காலத்துப் புத்தகந்தான் நல்லம்" என்றார் ஒருவர். என் மகளும் தரம் 10. முதலாம் தவணையில் 28 புள்ளி. குறை சொல்வதற்கு முதல் புத்தகத்தை ஒருக்கா ஒழுங்காகப் பார்ப்போம் என்று, இரவு மெசினை மூடிவிட்டு மூன்று மாதம் அவளோடு இருந்தேன். நானும் ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) கணிதத்தில் வெறும் எஸ், அதாவது ஆகக் குறைந்த சித்தி, எடுத்தவள்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

காசு கொடுத்து வாங்கும் புத்தகம் இல்லை. இலங்கையில் 1980 இலிருந்து பாடப்புத்தகம் இலவசம். எங்களுக்கு வந்தது முந்தின பிள்ளை பாவித்தது. ஓரத்தில் பென்சிலால் விடைகள், அதில் பாதி பிழை. மாரியில் ஈரம் குடித்து முதுகு கழன்றிருந்தது, ஊசிநூலால் தைத்தேன்.

முதல் பாடமே சுற்றளவு. அதில் ஆரைச்சிறை வருகிறது, வட்டத்தின் மையத்திலிருந்து ஓரம் வரை (அதுதான் ஆரை) இரண்டு நேர்க்கோட்டில் வெட்டி எடுத்த துண்டு. பள்ளிக்கூடத்தில் கொடுத்த கணக்கு: ஆரை 7 செ.மீ., மையக்கோணம் 90 பாகை, சுற்றளவு என்ன? மகள் 11 என்று எழுதியிருந்தாள். சிவப்புக் கோடு ஒன்று, வேறு விளக்கம் இல்லை. நான் வெட்டுத்துண்டு ஒன்றை நாலாக மடித்துக் கால்வட்டமாக வெட்டிக் கொடுத்தேன். "மனே, இதைச் சுத்தி லேஸ் வைக்கப் போறன், எவ்வளவு வேணும்?" வளைந்த ஓரத்தில் நாடாவை நிறுத்தி வைத்து 11 பிடித்தாள். பிறகு இரண்டு நேர் ஓரத்தையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கொப்பியில் 11+7+7=25 என்று எழுதினாள். அந்தப் பிழை அதற்குப் பிறகு வரவில்லை.

அதே பாடத்தில் எனக்கும் ஒன்று கிடைத்தது. அம்பரலா பாவாடை (குடை மாதிரி வட்டமாக விரிவது) வெட்டும்போது இடுப்பளவை ஆறால் பிரித்துக் கொஞ்சம் குறைத்து ஆரை எடுப்போம். எனக்குத் தையல் பழக்கிய அக்கா சொன்னது, இருபது வருசமாக அப்படித்தான் வெட்டுகிறேன். ஏன் ஆறு, ஏன் கொஞ்சம் குறைப்பது என்று ஒருநாளும் கேட்டதில்லை. பரிதி, அதாவது வட்டத்தின் சுற்றளவு, 2 × 22/7 × ஆரை. பாவாடையில் இடுப்புதான் அந்தப் பரிதி. அப்படியென்றால் இடுப்பை 44/7 ஆல், அதாவது ஆறேகாலுக்குக் கொஞ்சம் மேலே, பிரிக்க வேண்டும். 28 அங்குல இடுப்புக்கு ஆறால் பிரித்தால் 4.67, சரியான கணக்கு 4.45. இவ்வளவு காலமும் நான் கண்மதிப்பில் குறைத்தது இந்த வித்தியாசத்தைத்தான்!

அதனால் புத்தகம் மோசம் என்று நான் சொல்லமாட்டேன். காரணம் சொல்கிறது, நிறுவல் தருகிறது. என்ன, கீழ் வகுப்பில் படித்ததெல்லாம் பிள்ளை கையில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு ஓடுகிறது. மூன்றாவது பாடம் பின்னம். "மூன்றில் ஒரு பங்கைச் செலவழித்து, மீதியில் நாலில் ஒரு பங்கைக் கொடுத்தால்" என்கிற மாதிரிக் கணக்கில் மகள் 1/3 உம் 1/4 உம் கூட்டி 7/12 என்றாள். 'மீதியில்' என்ற சொல் அவள் கண்ணில் படவே இல்லை. 12 மீற்றர் துணி என்று வைத்து, 4 போக 8, அதில் கால்வாசி 2, மிச்சம் 6 என்று காட்டினேன். இது தரம் 10 இல் காட்டவேண்டிய விசயமா? ஆனால் பிள்ளைகள் வருசம் முடிந்தால் அடுத்த வகுப்புக்குப் போய்விடுகிறார்கள், பின்னம் அங்கேயே நின்றுவிடுகிறது. இரண்டு பகுதியிலும் சேர்த்து முப்பது சொச்சம் பாடம். ஆசிரியர் திரும்பிப் பார்க்க நேரம் எங்கே.

இன்னொரு குறை, செய்து காட்டிய உதாரணத்துக்கும் பயிற்சியின் கடைசிக் கணக்குகளுக்கும் இடையில் பெரிய பள்ளம். அதைத் தாண்ட யூடியூப் பக்கம் போனால் தமிழ்நாட்டுக் காணொளிகள்தான் நிறைய. அங்கே ஆரம், இங்கே ஆரை. அங்கே கணம், இங்கே தொடை (ஆங்கிலத்தில் செற்). நாங்கள் ஒருங்கிசைவு (இரண்டு உருவம் அச்சொட்டாக ஒன்றாக இருப்பது) என்பது அங்கே சர்வசமம். முதல் கிழமை மகள் அது வேறு பாடம் என்று மூடிவிட்டாள். கொப்பியின் கடைசித் தாளில் இரண்டு பக்கச் சொல்லையும் எதிரெதிரே எழுதி வைத்தோம். தாய்மாருக்கு நான் சொல்லும் முதல் உதவி அதுதான்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது புத்தகத்தில் இல்லை. மகள் போன ஒரு டியூசன் வகுப்பில், "கேத்திரகணிதத்தை விடு, தொடை, வரைபு, புள்ளிவிபரம் செய், 35 வந்தால் எஸ்" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வழியில் எஸ் வரும், பொய் இல்லை. நானும் அப்படி எடுத்தவள்தானே. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் பாதிப் புத்தகத்தை மூடிவை என்று காசு வாங்கிக்கொண்டு சொல்வதா? வகுப்பை நிறுத்திவிட்டேன்.

இரண்டாம் தவணையில் 43. முக்கோணிகளின் ஒருங்கிசைவுக் கணக்கைப் பாதிவரை செய்திருக்கிறாள், ப.கோ.ப. (பக்கம், கோணம், பக்கம்) என்று காரணமும் எழுதியிருக்கிறாள். பகுதி 2 இல் மடக்கை (ஆங்கிலத்தில் லொகரிதம்) வருகிறதாம். அதற்குத் துணியும் கத்தரிக்கோலும் உதவாது, ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.