கழுத்தில் மாட்டிய பாஸைக் காட்டி 14,800 ரூபாயைப் பறித்த கதை: பூங்காவுக்குச் செல்பவர்கள் கவனிக்கவும்

பொழுதுபோக்குப் பூங்காவின் ஆண்டு பாஸைப் பிறரிடமிருந்து வாங்கலாம் என்று எண்ணியிருப்பவர்களும், சொந்த பாஸைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பூங்காவுக்குள் உலவுபவர்களும் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். என் கணக்கில் இருந்த 14,800 ரூபாய் இப்போது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. கோபம் ஆறிய பிறகு எழுதினால் பாதி விவரம் விட்டுப்போகும் என்பதால் இன்றே எழுதுகிறேன்.

பயன்படுத்திய பொருட்களை வாங்கவும் விற்கவும் ஊரே வைத்திருக்கும் வகையைச் சேர்ந்த ஒரு செயலியில்தான் அந்த விளம்பரம் இருந்தது. சென்னையைச் சுற்றியுள்ள பூங்காக்களில் ஒன்றுக்கான குடும்ப பாஸ், நான்கு பேருக்கு, இன்னும் எட்டு மாதம் செல்லும், வேலை மாற்றலாகி ஹைதராபாத் போவதால் விற்கிறோம் என்று எழுதி, கதவுக் கொக்கியில் நான்கு நீலநிற டேக்குகள் தொங்கும் படத்தையும் போட்டிருந்தார்கள். தொலைபேசியில் பேசியவர் முன்பணம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. “நேரில் பார்த்துத் திருப்தியானால் மட்டும் கொடுங்கள் சார்” என்றார்.

ஆலந்தூர் மெட்ரோ நிலையத்தில் சந்தித்தோம். மனைவியோடும் ஐந்தாறு வயது மகளோடும் வந்திருந்தார். டேக்குகள் புதியவையாக இருந்திருந்தால் எனக்கும் சந்தேகம் வந்திருக்கும். அவையோ ஓரம் நைந்து, வெயிலில் வெளுத்து, அட்டை செருகும் பிளாஸ்டிக் உறையெல்லாம் கீறல் விழுந்து, நிஜமாகவே ஒரு குடும்பம் கோடை முழுவதும் மாட்டித் திரிந்தவை போலிருந்தன. அட்டையில் பூங்காவின் சின்னம், எண், கியூஆர் குறி எல்லாம் இருந்தன. பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்தாகிவிட்டது என்று சொல்லி, பூங்காவிலிருந்து வந்ததாக ஒரு மின்னஞ்சலையும் காட்டினார். நான்காவது டேக் அந்தக் குழந்தையின் கழுத்தில் இருந்தது. “அக்காவுக்குக் கொடுத்துடு கண்ணு” என்று அவர் சொல்ல, அந்தக் குழந்தை அதைக் கழற்றி என் மகளின் கழுத்தில் தன் கையாலேயே மாட்டியது. பெற்ற குழந்தையை வைத்து இப்படி ஒரு நாடகம் ஆடுவார்கள் என்று யார்தான் நினைப்பார்கள்? 14,800 ரூபாயை யுபிஐ மூலம் அனுப்பினேன். திரையில் வேறொரு பெயர் வந்தது. மைத்துனர் கணக்கு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்காவின் நுழைவாயிலில் மகளின் அட்டையை வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. அங்கிருந்த ஊழியர் தன் கருவியின் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்: அரும்பு மீசை வைத்த ஒரு பையனின் முகம். என் மனைவியின் அட்டைக்கு, கண்ணாடி அணிந்த அறுபது வயது அம்மா ஒருவர். நான்கு அட்டைகளும் உண்மையான பாஸ்களின் நகல்கள் என்றும், வரிசையில் நிற்பவர்களின் கழுத்தில் வெளிப்பக்கமாகத் தொங்கும் கியூஆர் குறியை யாரோ கைபேசியில் படம் எடுத்து அச்சடித்திருக்கிறார்கள் என்றும், பாஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டுமே செல்லும், பெயர் மாற்றம் என்ற ஒன்றே இங்கே கிடையாது என்றும் அவர் விளக்கினார். விளக்கிய கையோடு நான்கையும் பறிமுதல் செய்துகொண்டார். ரசீது கேட்டதற்கு “அதெல்லாம் வழக்கமில்லை” என்றார். போலிகள் புழங்குவது நிர்வாகத்துக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரியுமென்றால், அதைப் பற்றி வாயிலில் ஒரு பலகை வைக்க என்ன தடை? ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்டில் நுழைவுச்சீட்டோடு விரலையும் பதியச் சொல்கிறார்கள் என்பார்கள். அவ்வளவு வேண்டாம், ஒரு பலகை போதும்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அலைக்கழிப்புதான். விற்றவர் முதலில் “சர்வர் பிரச்சினையாக இருக்கும் சார்” என்றார், பிறகு எடுக்கவில்லை, பிறகு என் எண்ணையே தடைசெய்துவிட்டார். செயலியின் வாடிக்கையாளர் சேவையிலிருந்து, பணப் பரிமாற்றம் செயலிக்கு வெளியே நடந்ததால் தாங்கள் பொறுப்பல்ல என்று அச்சில் வார்த்ததுபோல் ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. வங்கியில், நீங்களே பின் எண் போட்டு அனுப்பிய 14,800 ரூபாயை நாங்கள் எப்படித் திரும்ப எடுப்பது என்று கேட்டார்கள். காவல் நிலையத்தில், பணம் கைமாறிய இடம் எங்கள் எல்லையில் வராது, அங்கே போய்க் கொடுங்கள் என்றார்கள். அங்கே போனால், போலி பிடிபட்ட இடத்தில் கொடுங்கள் என்றார்கள். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173வது பிரிவு சொல்கிறது. மோசடிக்கான பழைய 420ஆம் பிரிவின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318வது பிரிவு இருக்கிறது. இரண்டையும் தாளில் எழுதிக்கொண்டு மறுபடி போன பிறகுதான் மனுவை வாங்கி ரசீது கொடுத்தார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மறுபடி வங்கிக்குப் போக வேண்டியிருப்பதால் அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். ஆண்டு பாஸைப் பூங்காவின் சொந்தக் கவுண்டரிலோ இணையதளத்திலோ அன்றி வேறெங்கும் வாங்காதீர்கள். டேக்கும் உறையும் அசலுக்கு அடையாளமே அல்ல. அவை பாரிமுனைப் பக்கம் டஜன் கணக்கில் கிடைக்கும் சரக்கு. பணம் அனுப்பும் திரையில் எதிரில் நிற்பவரின் பெயர் வராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஏமாந்தது தெரிந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அந்தக் கணக்கிலிருந்து வெளியேறுவதற்குள் தகவல் போனால்தான் முடக்க முடியும். பாஸ் வைத்திருப்பவர்கள் கியூஆர் குறி உடம்பின் பக்கம் இருக்கும்படி அட்டையைத் திருப்பி மாட்டுங்கள், குழந்தைகள் டேக் மாட்டி நிற்கும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

அந்த விளம்பரம் இப்போது வேறு பெயரில், அதே கதவுக் கொக்கிப் படத்தோடு, 12,500 ரூபாய் என்று மறுபடி வந்திருக்கிறது. இந்த முறை மாற்றல் புனேவுக்காம். புகார் பொத்தானை அழுத்திவிட்டேன், விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது.