எந்த ஓடிடியில் தமிழ் ஒழுங்காகக் கேட்கும்?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் இருக்கும் ஒரு தம்பி போன வாரம் புது டிவி வாங்கினான். 55 அங்குலம், 4கே. வாங்கின கையோடு வாட்ஸ்அப்பில் கேட்டான்: "அக்கா, நெட்ஃபிளிக்ஸ், பிரைம், டிஸ்னி எல்லாத்துக்கும் மாசாமாசம் கட்ட முடியாது. ஒண்ணுதான். எதை வச்சுக்கலாம்?" அவசரத்தில் ஒரு வரி பதில் அனுப்பிவிட்டேன். ஆனால் எங்கள் வீட்டைப் போலவே அவன் வீட்டிலும் ஒரு ஆயா இருக்கிறார். ஆயா இருக்கிற வீட்டுக்கு அந்த ஒரு வரி போதாது. அதோடு, இந்த மாதச் சந்தாப் பணம் கார்டிலிருந்து போன கோபமும் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

எதில் எத்தனை படம், எதில் எந்த ஆங்கிலத் தொடர் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தென்னாப்பிரிக்காவில் ஷோமேக்ஸ் என்ற உள்ளூர் ஓடிடி 2015இல் தொடங்கியது. நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் வந்தது, பிரைம் வீடியோ அதே ஆண்டு டிசம்பரில். டிஸ்னி பிளஸ் 2022 மே மாதம் வந்தது. இவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் இருந்திருக்கின்றன. சில இந்தியச் சேவைகளும் வந்து போயின. அதற்கு முன்னால் மொட்டை மாடி டிஷ்தான். தென்னிந்தியச் சேனல்களுக்குத் தனியாகப் பணம் கட்டிப் பார்த்த காலம் அது.

என் கணவரின் பாட்டியைத்தான் ஆயா என்கிறோம். டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் பேசும் தமிழ் வீட்டிலும் கோயிலிலும் கேட்டுக் கற்றது. எழுதப் படிக்கத் தெரியாது. ஆங்கிலம் ஓரளவு படிப்பார், ஆனால் கண்புரை அறுவைக்குப் பிறகும் டிவியில் ஓடுகிற சின்ன எழுத்தைப் பிடிக்க முடியவில்லை. ஆகவே சப்டைட்டில் அவருக்கு உதவாது. குழந்தைகளுக்கோ நேர் எதிர்: அவர்களுக்குத் தமிழ் பாதிதான் புரியும், ஆங்கில சப்டைட்டில் இல்லாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். தமிழ் ஆடியோ, ஆங்கில சப்டைட்டில், இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தால்தான் சனிக்கிழமை இரவு எல்லோரும் ஒரே சோபாவில் உட்காருவோம். இந்த ஊரில் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களின் நிலை இதுதான். ஓடிடியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியதும் இதுதான்.

இப்போது என் எரிச்சலுக்கு வருகிறேன். நாங்கள் நெடுநாளாகப் பணம் கட்டுகிற ஒரு சேவை இருக்கிறது. தமிழ்ப் படங்கள் நிறைய உள்ள சேவை. அதில் எந்தத் தென்னிந்தியப் படத்தை அழுத்தினாலும் இந்தியில்தான் தொடங்கும். ரிமோட்டை எடுத்து, படத்தை நிறுத்தி, மேலே போய், ஆடியோ பட்டியலைத் திறந்து, கீழே இறங்கித் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரி, ஒரு தடவை செய்யலாம். பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் அதே படத்தைத் தொடர்ந்தால் மறுபடியும் இந்தி. ஆயாவுக்கு ரிமோட்டில் ஓகே பொத்தான் மட்டும்தான் தெரியும். மத்தியானம் வீட்டில் அவர் தனியாக இருக்கும்போது ஓகே அழுத்துவார், படம் ஓடும், "இது என்ன கண்ணு, இந்துஸ்தானியில பேசுறாங்க" என்று எனக்கு வேலையிடத்துக்குப் போன் வரும். நான் அங்கிருந்து என்ன செய்ய முடியும்? அவர் டிவியை அணைத்துவிட்டு ரேடியோ கேட்கப் போய்விடுவார்.

ஆப்பின் மொழியைத் தமிழுக்கு மாற்றிப் பார்த்தேன். மெனு தமிழானது, படம் இந்தியிலேயே தொடங்கியது. உதவி மையத்தில் எழுதிக் கேட்டேன். வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள், ஆப்பை நீக்கிவிட்டு மீண்டும் போடுங்கள் என்றார்கள். அதையும் செய்தேன். ஒரு மாற்றமும் இல்லை. இந்திய வீடு என்றால் இந்தி வீடு என்று எங்கோ ஒருவர் முடிவு செய்துவிட்டார் என்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு விளக்கம் தெரியவில்லை. 1860இல் டர்பனுக்கு வந்த முதல் கப்பல் சென்னையிலிருந்து வந்தது. இந்த நாட்டின் 1996ஆம் ஆண்டு அரசியல் சாசனம், மதித்துப் பேண வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஒரு நாட்டின் சாசனத்தில் இடம் பிடித்த மொழிக்கு ஒரு ஆப்பின் நினைவில் இடமில்லை என்றால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், சில நேரம் தமிழ் இல்லாததற்கு ஆப் காரணமில்லை. ஒரு தென்னிந்தியப் படத்தின் இந்தி உரிமையையும் தென்னிந்திய மொழிகளின் உரிமையையும் தயாரிப்பாளர்கள் தனித்தனியாக விற்பதுண்டு. 2022இல் 'ஆர்ஆர்ஆர்' அப்படித்தான் வந்தது: இந்தி நெட்ஃபிளிக்ஸில், தமிழும் தெலுங்கும் ஜீ5இல். படம் பட்டியலில் இருக்கிறது என்று சந்தா கட்டியவர்களுக்குத் தமிழ் கிடைக்கவில்லை. வெளியாகும் நாளும் மாறும். தென்னிந்தியப் படங்கள் தியேட்டருக்கு வந்து நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வருவது வழக்கமாகிவிட்டது. இந்திக்கு எட்டு வாரம் வேண்டும் என்பது வட இந்திய மல்டிபிளெக்ஸ்களின் நிபந்தனை. உரிமை நாட்டுக்கு நாடு வேறுபடுவது இன்னொரு சங்கடம். சென்னையில் இருப்பவர் "அது இந்த ஓடிடியில் இருக்கே" என்பார், டர்பனில் தேடினால் இருக்காது. சென்னை விமர்சனத்தைப் படித்துவிட்டு இங்கே சந்தா கட்டாதீர்கள். முதலில் உங்கள் ஆப்பில் தேடுங்கள், அப்புறம் அந்தப் படத்தின் ஆடியோ பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் நான் மேலே சொன்ன சேவையிடம் தமிழ் ஆடியோ இருக்கிறது! கையில் வைத்துக்கொண்டே கொடுக்காமல் இருப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எதிர்பாராத சந்தோஷம் நெட்ஃபிளிக்ஸிலிருந்து வந்தது. அங்கே தமிழ்ப் படங்கள் குறைவு என்று நினைத்து, குழந்தைகளுக்காக மட்டுமே வைத்திருந்தோம். வெளிநாட்டுத் தொடர்கள் சிலவற்றுக்கு அவர்கள் தமிழ் டப்பிங் செய்கிறார்கள் என்பது தெரியும். ஆனால் டிவி ஆப்பில் ஊரை வைத்துப் பொறுக்கிய சில மொழிகளை மட்டும்தான் முன்பெல்லாம் காட்டுவார்கள். போனில் இருக்கும் மொழி டிவியில் இருக்காது. 2025 ஏப்ரலில் அதை மாற்றினார்கள். ஒரு படைப்புக்கு எத்தனை மொழி இருக்கிறதோ அத்தனையும் டிவியிலேயே வரும் என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மழை நாளில் ஒரு கொரியத் தொடரை ஆயாவுக்குத் தமிழில் போட்டுக் கொடுத்தேன்.

அவர் அசையவில்லை. மாமியார் மருமகளை நடத்துகிற விதத்தைப் பார்த்து, "நம்ம வீட்டுக் கதையால்ல இருக்கு" என்றார். பெரியவர்களுக்குக் குனிந்து வணக்கம் சொல்வது, எல்லோரும் கூடி உட்கார்ந்து சாப்பிடுவது, செத்தவர்களுக்குப் படையல் வைப்பது எல்லாம் அவருக்கு உடனே பிடிபட்டது. டப்பிங் தமிழ் சென்னைத் தமிழ்தான், சில சொற்கள் அவருக்குப் புதிது. அவற்றைக் கதையின் போக்கில் பிடித்துக்கொண்டார். இப்போது பூண்டு உரித்துக்கொண்டே அடுத்த பகுதி எப்போது என்று கேட்கிறார். இந்த வயதில் அவருக்குத் தெரியாத ஒரு நாட்டைத் தமிழ் வழியாக அவர் வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள் என்பதற்காக நெட்ஃபிளிக்ஸுக்கு மனதார நன்றி சொல்வேன். ஆயாவுக்கென்று தனி ப்ரொஃபைல் போட்டிருக்கிறோம், குழந்தைகளின் ஆங்கிலம் அதில் கலப்பதில்லை. எந்தச் சேவையாக இருந்தாலும் வீட்டுப் பெரியவர்களுக்குத் தனி ப்ரொஃபைல் போடுங்கள்.

தமிழ் வந்தால் மட்டும் போதாது, காதில் விழவும் வேண்டும். புதுத் தமிழ்ப் படங்களில் பின்னணி இசை வசனத்தை விழுங்கிவிடுகிறது. இதில் பாதிக் குற்றம் டிவி ஸ்பீக்கருடையது. 5.1 என்கிற பல ஸ்பீக்கர் ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாகப் போகும். ஸ்பீக்கர் இரண்டே உள்ள டிவியில் எல்லாம் ஒன்றாகக் கலந்து, இசை மேலே வந்துவிடும். ஆடியோ பட்டியலில் தமிழ் இரண்டு தடவை இருந்தால் 5.1 என்று போடாததைத் தேர்ந்தெடுங்கள். டிவியின் ஒலி அமைப்பில் வசனத்தைத் தெளிவாக்கும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். ஆயாவுக்கு இதனால் நல்ல வித்தியாசம் தெரிந்தது. வசனத்தை மட்டும் உயர்த்தும் ஒரு வசதியை 2023இல் பிரைம் வீடியோ கொண்டுவந்தது. ஆனால் அது ஆங்கிலத்தில் தொடங்கியது. இதைக் கொண்டுவருகிறவர்கள் தமிழையும் கொஞ்சம் நினைக்கக் கூடாதா? காது மந்தமான பெரியவர்கள் எல்லா மொழியிலும் இருக்கிறார்கள்.

4கே பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படி முழு எச்டிக்கு விநாடிக்கு 5 மெகாபிட் வேகம், 4கேக்கு 15 மெகாபிட். ஃபைபர் இருக்கும் வீட்டில் இது பிரச்சினையே இல்லை. பிரச்சினை டிவியோடு இணைக்கிற பெட்டியில். மலிவான ஆண்ட்ராய்டு பெட்டிகள் பலவற்றுக்கு வைட்வைன் எல்1 என்ற பாதுகாப்புச் சான்று கிடையாது. அது இல்லாத பெட்டியில் மேல்தட்டுத் திட்டத்துக்கே பணம் கட்டியிருந்தாலும் படம் மங்கலாக 480 வரிகளில்தான் ஓடும். டிவியில் உள்ள ஆப்பையே பயன்படுத்துங்கள். தமிழ்ப் படங்களுக்காக மட்டும் என்றால் பிரீமியம் திட்டம் வேண்டாம். நடுத் திட்டமே தாராளம். பையன் ஜோகன்னஸ்பர்க்கில், அம்மா சாட்ஸ்வொர்த்தில், கணக்கு ஒன்றுதான் என்று நான்கு திரைத் திட்டம் வாங்கிய குடும்பங்கள் பல உண்டு. ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு மட்டும் என்று நெட்ஃபிளிக்ஸ் 2023இல் கண்டிப்பு காட்டிய பிறகு அந்த லாபமும் போய்விட்டது.

லோட் ஷெடிங் என்று இங்கே சொல்லும் முறை வைத்த மின்வெட்டுக் காலத்தில் பதிவிறக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது. வெட்டின் கடுமையைக் கட்டம் கட்டமாகச் சொல்வார்கள், 2023இல் அது ஆறாம் கட்டம் வரை போனது. ரூட்டருக்குச் சின்ன யுபிஎஸ் வைத்தாலும் டிவி ஓடாது. மொபைல் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால் டேட்டாவும் போய்விடும். டேப்லெட்டில் முன்கூட்டியே இறக்கி வைத்த படம் மட்டும் ஓடும். 2024 மார்ச் கடைசியிலிருந்து நிலைமை வெகுவாகத் தேறிவிட்டது, ஆனாலும் நான் இறக்கி வைக்கும் பழக்கத்தை விடவில்லை. இறக்கும் முன் ஆடியோவைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இறங்கிய படத்தில் எல்லா மொழியும் வருவதில்லை. கெடு தேதியையும் பாருங்கள். சில படங்கள் தொடங்கின 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும்.

ஆண்டுச் சந்தா எதற்கும் கட்டாதீர்கள், அது எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும் சரி. ஷோமேக்ஸின் தாய் நிறுவனமாக இருந்த மல்டிசாய்ஸை 2025இல் பிரான்சின் கனால் பிளஸ் வாங்கிவிட்டது. எந்தப் படம் எங்கே போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாத காலம் இது. மாதச் சந்தாவாக இருந்தால் நிறுத்தி நிறுத்தி மாற்றிக்கொள்ளலாம்.

இவ்வளவு பாராட்டிய பிறகு இந்த மாதம் நான் நிறுத்தியிருப்பது நெட்ஃபிளிக்ஸைத்தான். கொரியத் தொடர் முடிந்துவிட்டது, ஆயா பார்க்க விரும்புகிற இரண்டு தமிழ்ப் படங்கள் அந்த எரிச்சல் பிடித்த சேவையில் வருகின்றன. சன்கோஸ்ட் தியேட்டருக்கு அழைத்துப் போகலாம் என்றால் அவரால் அவ்வளவு நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார முடியாது. அதனால் பணம் கட்டினேன், கோபத்தோடுதான். யாராவது என்னிடம் அந்தச் சேவையை வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தமிழ் ஆடியோவை நினைவில் வைத்துக்கொள்ள அவர்கள் கற்றுக்கொண்டால் அன்றே என் பேச்சை மாற்றிக்கொள்வேன். வேறு எதையும் நான் அவர்களிடம் கேட்கவில்லை.