பீப்பிளா, பர்சன்ஸா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு அடுக்குமாடி லிஃப்டுக்குள் '10 பர்சன்ஸ்' என்று தகடு. பேத்தி கேட்டாள்: "தாத்தா, பர்சனுக்குப் பன்மை பீப்பிள்னுதானே டீச்சர் சொன்னாங்க?" டீச்சர் சொன்னதும் சரி, தகடும் சரி.

பீப்பிள் பேச்சுக்கு; பர்சன்ஸ் தகடு, சட்டம் மாதிரி இடங்களுக்கு. 'வரிசையில் பத்து பீப்பிள்' என்றால் யாருக்கும் உறுத்தாது. அங்கே பர்சன்ஸ் போட்டுப் பாருங்கள், போலீஸ் அறிக்கை வாசிக்கிற மாதிரி இருக்கும். நம்முடைய 'பேர்', 'நபர்' வித்தியாசமேதான். கல்யாணத்துக்கு நூறு பேர் வருவார்கள். நூறு நபர்கள் என்றால் ஏதோ விசாரணைக்கு வருகிற மாதிரி.

ஆனால் பீப்பிளுக்கு இன்னொரு முகம் உண்டு: ஒரு நாட்டு மக்கள் மொத்தமும் ஒன்றாக. 1955-ல் ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக் கிளிப்டவுனில் நிறவெறி ஆட்சிக்கு எதிராக ஏற்கப்பட்ட சுதந்திர சாசனம் 'மக்களே ஆள்வார்கள்' என்றது. அந்த இடத்தில் பர்சன்ஸ் இருந்தால் உப்பில்லாத சாம்பார்தான். தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சட்டத்தின் முகவுரையும் 'வீ, த பீப்பிள்' என்றே தொடங்குகிறது. உள்ளே 31-ஆம் பிரிவுக்குப் போனால், பண்பாட்டு, சமய, மொழிச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் 'பர்சன்ஸ்' ஆகிவிடுகிறார்கள். சட்டம் ஆளை எண்ணித்தான் பேசும்.

பீப்பிள்ஸ் என்று கண்டால் பிழை என்று அடிக்க வேண்டாம். பல இனத்து மக்கள் என்று பொருள்.

இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் மாடி வந்துவிட்டது. தகட்டில் பத்து, ஏறியிருந்தது பன்னிரண்டு பேர்.