லூர்து மாதா கோவிலிலிருந்து டன்லப் தெரு வரை: தமிழில் ஒரு நடை

சிங்கப்பூரில் ஒபீர் சாலை லூர்து மாதா கோவிலில் தொடங்கி, டன்லப் தெரு அப்துல் கஃபூர் பள்ளிவாசலில் முடிகிற ஒரு தமிழ் நடைப்பயணத்துக்குப் போய் வந்தேன். தலைப்பு ஒன்றே ஒன்றுதான்: இயேசு யார் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள், யார் என்று முஸ்லிம்கள் நம்புகிறார்கள். சனிக்கிழமை காலையில் மூன்று மணி நேரம். ஆளுக்கு 20 வெள்ளி, கடைசியில் தேநீரும் அதிலேயே அடக்கம். தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறார்கள். கட்டாயம் போகலாம். குறைகளும் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். "டீச்சர், முஸ்லிம்களும் இயேசுவை நம்புறாங்களாமே, அப்போ என்ன வித்தியாசம்?" என்று யாராவது கேட்காத வருடமே கிடையாது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருவது ஒரு முஸ்லிம் பிள்ளைதானே, கேட்கத்தான் செய்யும். வீட்டில் பெரியவர்கள் 'எல்லாம் ஒன்றுதான்' என்று முடித்துவிடுவார்கள், இல்லையென்றால் 'அதெல்லாம் பேசாதே' என்பார்கள். இந்த ஊரில் சமயங்களுக்கு இடையிலான அமைப்பு 1949 முதல் இருக்கிறது. பொது நிகழ்ச்சிகளில் பல சமயத்துப் பெரியவர்கள் வரிசையாக நின்று பிரார்த்திப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் பக்கத்தில் நிற்பவர் எதை நம்புகிறார் என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சொல்லத் தெரியாது.

பக்கத்து வீட்டு லாத்தாவையும் (முஸ்லிம் அக்காவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கூட அழைத்துக்கொண்டு போனேன். கடையநல்லூர்ப் பூர்வீகம். எங்கள் பிள்ளைகள் ஒன்றாகத் தவழ்ந்த காலத்துப் பழக்கம். நோன்பு மாதத்தில் அவர் வீட்டுக் கஞ்சி எங்களுக்கு வரும், கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டு அதிரசமும் முறுக்கும் அங்கே போகும். இத்தனை காலத்தில் இயேசுவைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நடையைக் கூட்டிப்போவது இரண்டு பேர். கிறிஸ்தவத் தரப்பில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், இஸ்லாமியத் தரப்பில் இளம் உஸ்தாத், அதாவது மார்க்க ஆசிரியர் ஒருவர். எனக்கு முதலில் பிடித்தது இவர்கள் போட்ட விதி. அவரவர் நம்பிக்கையை அவரவரே சொல்வார், மற்றவருடைய நம்பிக்கைக்கு இவர் விளக்கம் தரமாட்டார். யாரையும் மாற்றுகிற பேச்சு கூடாது, ஆனால் எந்தக் கேள்வியும் கேட்கலாம். மூன்று மணி நேரமும் அதைக் காப்பாற்றினார்கள்.

கோவில் வரலாற்றைச் சீக்கிரமே முடித்துவிட்டார்கள். 1888இல் கட்டி முடித்தது, பிரான்சின் லூர்து பேராலயத்தை மாதிரியாக வைத்தது, ஆரம்பத்திலிருந்தே தமிழ்க் கத்தோலிக்கர்களின் கோவில். அவ்வளவுதான். பிறகு மாதா சொரூபத்துக்கு முன்னால் எல்லோரையும் நிறுத்தி, மரியாளிடமிருந்து பேச்சை ஆரம்பித்தார்கள். இரண்டு நம்பிக்கைகளும் மிக அருகில் வரும் இடம் அதுதான் என்பதால் இது சரியான தொடக்கம்.

குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மர்யம், அதாவது மரியாள். 19ஆம் அத்தியாயத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. ஆண் துணை இல்லாமல், இறைவனின் கட்டளையால் கன்னியாகவே கருத்தரித்தார் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதற்கு அப்புறம் கதை பிரிகிறது. லூக்கா நற்செய்தியில் பெத்லகேம், சத்திரத்தில் இடமில்லை, தீவனத் தொட்டி, இடையர்கள். குர்ஆனில் மர்யம் தனியாக ஓரிடத்துக்குப் போகிறார். பிரசவ வலி அவரை ஒரு பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. 'இதற்கு முன்பே நான் இறந்து போயிருக்கக் கூடாதா' என்று கலங்குகிறார். கவலைப்படாதே, உன் காலடியில் ஓர் ஊற்றை உண்டாக்கியிருக்கிறான் உன் இறைவன், மரத்தை உலுக்கு, கனிந்த பழங்கள் விழும் என்று ஒரு குரல் கேட்கிறது. உஸ்தாத் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லாத்தா அந்த வசனங்களை மெல்ல ஓத ஆரம்பித்துவிட்டார். மாதா சொரூபத்துக்கு எதிரில், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, மனப்பாடமாக. என் உடம்பு சிலிர்த்துவிட்டது.

மரியாளின் கணவர் சூசையப்பர் குர்ஆனில் இல்லை என்பது எங்கள் குழுவில் பல கிறிஸ்தவர்களுக்குப் புதுச் செய்தி. மர்யமைப் பொறுப்பெடுத்து வளர்ப்பவர் ஸக்கரிய்யா நபி, அதாவது திருமுழுக்கு யோவானின் தகப்பனார் செக்கரியா. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் மர்யமை ஊரார் ஏசும்போது, அந்தப் பச்சைக் குழந்தையே வாய் திறந்து தாய்க்காகப் பேசுகிறது: நான் அல்லாஹ்வின் அடிமை, அவன் எனக்கு வேதத்தைக் கொடுத்தான், என்னை நபியாக்கினான். நான்கு நற்செய்திகளிலும் இந்தக் காட்சி இல்லை. களிமண்ணால் பறவை செய்து, ஊதிப் பறக்கவிட்ட அற்புதமும் நற்செய்திகளில் இல்லை. குருடருக்குப் பார்வை தந்ததும், தொழுநோயாளியைக் குணமாக்கியதும், இறந்தவரை எழுப்பியதும் இரண்டிலும் உண்டு. குர்ஆன் அங்கெல்லாம் 'இறைவனின் அனுமதியால்' என்று சேர்த்தே சொல்கிறது.

கோவிலை விட்டுக் கிளம்பும் முன் ஆசிரியர் பீடத்துப் பாடுபட்ட சுரூபத்தை, சிலுவையில் தொங்கும் இயேசுவைக் காட்டித் தன் நம்பிக்கையைச் சொன்னார். நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இவ்வளவு தெளிவாகக் கேட்டது குறைவு. இயேசு கடவுளால் படைக்கப்பட்டவரா, கடவுளாகவே இருப்பவரா என்ற சண்டை கிறிஸ்தவர்களுக்குள்ளேயே நடந்திருக்கிறது. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள், அவர் படைக்கப்பட்டவர் அல்லர், தந்தையோடு ஒரே பொருளானவர் என்று முடிவு செய்தார்கள். 451இல் கல்செதோனில், ஒரே ஆளில் முழுக் கடவுளும் முழு மனிதரும் என்று வரையறுத்தார்கள். ஞாயிறு பூசையில் நாம் எல்லோரும் வேகவேகமாகச் சொல்லிவிட்டுப் போகிற விசுவாசப் பிரமாணத்துக்குள் இருப்பது இதுதான். 'கடவுள் நம்மிடம் ஆள் அனுப்பியதோடு நிற்கவில்லை, தாமே வந்தார், வந்து நம் சாவைச் செத்தார்' என்று ஆசிரியர் முடித்தார். முஸ்லிம்கள் உட்பட யாரும் குறுக்கே பேசவில்லை.

ஜாலான் புசார் பக்கமாக நடந்து போகும் பாதையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வெயில்தான்.

அப்துல் கஃபூர் பள்ளிவாசல் 1907இல் கட்டத் தொடங்கியது. அதற்கு முன் அங்கே ஒரு மரப் பள்ளிவாசல் இருந்தது. 1979 முதல் தேசிய நினைவுச் சின்னம். முகப்பில், வாசலுக்கு மேலே கதிர் விரித்த சூரியன் மாதிரி ஓர் அலங்காரம் இருக்கும். அந்த வழியாக எத்தனை முறை லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போயிருப்பேன், அது என்ன என்று யோசித்ததில்லை. 25 கதிர்கள். குர்ஆன் பெயர் சொல்லும் 25 நபிமார்களின் பெயர்கள், கதிருக்கு ஒன்றாக அரபியில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆதம், நூஹ், இப்ராஹீம், மூஸா, தாவூத். அந்த வரிசையில் ஒரு கதிர் ஈசா நபி, அதாவது இயேசு.

உஸ்தாத் அந்தச் சூரியனுக்குக் கீழேயே நின்று விளக்கினார். இஸ்லாம் ஈசா நபியை மிக உயரத்தில் வைக்கிறது. அவர்தான் மஸீஹ் (மெசியா), இன்ஜீல் (நற்செய்தி) வேதம் கொடுக்கப்பட்டவர். அவரை மறுக்கிறவர் முஸ்லிமாக இருக்க முடியாது. ஆனாலும் அவர் இந்த வரிசையில் ஒருவர். இறைவனின் மகன் என்று சொல்வதை இஸ்லாம் ஏற்காது. 112ஆம் அத்தியாயம் நான்கே வசனம்: அவன் ஒருவன், எவரையும் பெறவில்லை, எவராலும் பெறப்படவில்லை, அவனுக்கு நிகராக எவருமில்லை. தகப்பன் இல்லாமல் பிறந்ததால் அவர் இறைமகன் ஆகமாட்டாரா என்று ஓர் இளைஞர் கேட்டார். அதற்கு மூன்றாவது அத்தியாயத்திலிருந்து பதில் வந்தது. ஆதமுக்குத் தகப்பனும் இல்லை, தாயும் இல்லை. மண்ணிலிருந்து படைத்து 'ஆகு' என்றான், ஆகிவிட்டார். ஈசாவும் அல்லாஹ்விடத்தில் அப்படித்தான். கேட்டவர் கிறிஸ்தவர். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஒப்புக்கொண்டார் என்று சொல்லவில்லை, புரிந்துகொண்டார்.

இந்த நடையின் உச்சம் அதற்கடுத்து வந்தது, சிலுவை. நான்காவது அத்தியாயம் 157ஆம் வசனத்தை உஸ்தாத் முழுசாகச் சொன்னார். அவரை அவர்கள் கொல்லவில்லை, சிலுவையில் அறையவும் இல்லை, அவர்களுக்கு அப்படித் தோன்றும்படி ஆக்கப்பட்டது. அடுத்த வசனம், அல்லாஹ் அவரைத் தன்பக்கம் உயர்த்திக்கொண்டான். தன்னுடைய தூதரை அப்படி அவமானப்பட்டுச் சாக இறைவன் விட்டுவிடவில்லை என்பதுதான் முஸ்லிம் மனத்துக்கு இதில் ஆறுதல் என்றார். ஆசிரியர் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியதைச் சொன்னார்: கிறிஸ்து உயிர்த்தெழவில்லை என்றால் எங்கள் போதனையும் வீண், உங்கள் நம்பிக்கையும் வீண். சாவு இல்லையென்றால் உயிர்ப்பும் இல்லை. பெரிய வெள்ளியில் நான் நடக்கிற சிலுவைப்பாதைக்கு அர்த்தமே இல்லை.

காரணத்தையும் அவர்கள் தோண்டினார்கள், மற்ற இடங்களில் இதைக் கேட்க முடியாது. ஆதாமின் பாவம் மனித குலம் முழுவதையும் தொட்டது, அதை மனிதரால் தாங்களே தீர்க்க முடியாது, ஆகவே மீட்பர் வேண்டும் என்பது கிறிஸ்தவம். இஸ்லாத்தில் ஆதம் தவறினார், மனம் திருந்தினார், இறைவன் மன்னித்தான், முடிந்தது. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார். அப்படியிருக்கும்போது சிலுவைக்கு அங்கே வேலை இல்லை. வேறுபாடு ஒரு வரலாற்றுச் சம்பவத்தைப் பற்றிய வழக்காக மட்டும் இல்லாமல், மனிதனுக்கு என்ன குறை, கடவுள் அதற்கு என்ன செய்தார் என்பது வரைக்கும் போகிறது. என் மறைக்கல்விப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இதுதான் என்று அங்கேயே குறித்துக்கொண்டேன்.

அந்த இடத்தில் யாரும் பூசி மெழுகவில்லை. 'ஆனாலும் அடிப்படையில் எல்லாம் ஒன்று' என்று ஒட்டுப்போடவும் இல்லை. இரண்டு பேரும் தாங்கள் நம்புவதைச் சொன்னார்கள், சொல்லிவிட்டு ஒருவருக்கொருவர் தண்ணீர் போத்தலை நீட்டிக்கொண்டார்கள். இதற்கே 20 வெள்ளி கொடுக்கலாம்.

தேநீர்க் கடையில் கேள்வி நேரம். என்னையும் என் தாயையும் தெய்வங்களாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று மக்களிடம் சொன்னீரா என்று ஈசாவிடம் இறைவன் கேட்பதாக ஐந்தாவது அத்தியாயத்தில் வருகிறதே, கத்தோலிக்கர்கள் மாதாவைத் தெய்வமாக்குகிறீர்களா என்று லாத்தாவே கேட்டார். எத்தனை வருடமாக மனத்தில் வைத்திருந்தாரோ! ஆசிரியர், ஆராதனை கடவுளுக்கு மட்டும்தான், மாதாவிடம் எங்களுக்காக வேண்டிக்கொள்ளக் கேட்கிறோம், திரித்துவத்தில் மாதா இல்லை, தந்தை, மகன், தூய ஆவிதான் என்றார். அப்புறம் 61ஆம் அத்தியாயத்தில் 'அஹ்மத்' என்ற தூதர் வருவார் என்று ஈசா நபி சொல்வதைப் பற்றிப் பேச்சு வந்தது. அஹ்மத் என்பது முகம்மது நபிதான், யோவான் நற்செய்தியில் இயேசு வருவார் என்று சொல்கிற துணையாளரும் அவர்தான் என்று முஸ்லிம் அறிஞர்கள் பலர் சொல்வார்கள், கிறிஸ்தவர்களுக்கு அந்தத் துணையாளர் தூய ஆவி.

இப்போது குறைகள். முதலாவது, கையில் கொடுக்கிற நான்கு பக்கத் துண்டுத்தாள். சிலுவையில் அறையப்பட்டது இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் என்று குர்ஆன் சொல்வதாக அதில் அச்சாகியிருக்கிறது. குர்ஆன் யார் பெயரையும் சொல்லவில்லை. வேறொருவர் ஈசாவின் தோற்றத்துக்கு மாற்றப்பட்டார் என்பது குர்ஆனுக்கு விரிவுரை எழுதியவர்கள் பலர் தந்த விளக்கம், அதிலும் பெயர்கள் ஒத்துப்போவதில்லை. உஸ்தாத் வாயால் சரியாகச் சொன்னதைத் தாள் தப்பாகச் சொல்கிறது. வீட்டுக்குப் போகப்போவது தாள்தான், அதனால் இது சின்ன விஷயமில்லை. சொன்னேன், அடுத்த அச்சில் திருத்துவதாகச் சொன்னார்கள்.

இரண்டாவது, இரண்டாம் வருகைக்குக் கடைசியில் கிடைத்தது ஐந்தே நிமிடம். இரு சமயத்தாரும் ஒரே ஆள் திரும்பி வருவார் என்று காத்திருக்கிறார்கள்! நபிமொழிகளான ஹதீஸ்களின்படி ஈசா நபி திமிஷ்கின் (டமாஸ்கஸின்) கிழக்கே வெள்ளை மினாராவின் அருகில் இறங்குவார், கடைசிக் கால ஏமாற்றுக்காரனான தஜ்ஜாலை வெல்வார், சிலுவையை முறிப்பார். கிறிஸ்தவர்களுக்கு அவர் வாழ்வோரையும் இறந்தோரையும் நடுத்தீர்க்க மாட்சியோடு வருவார். இவ்வளவு கனமான விஷயத்தை, பில் கொடுக்கும் நேரத்தில் முடித்தது எனக்கு வருத்தம். கோவில் முகப்பில் புகைப்படம் எடுக்க ஒதுக்கிய நேரத்தை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

மூன்றாவது, ஒலிவாங்கி வேண்டும். டன்லப் தெருவில் லாரி போனால் பின்வரிசைக்கு எதுவும் கேட்பதில்லை.

வயதானவர்கள் தாராளமாக வரலாம், ஏற்றம் கிடையாது. ஆனால் குடையும் தண்ணீரும் அவசியம். தோளும் முழங்காலும் மறைகிற உடை போட்டுக்கொள்ளுங்கள். பள்ளிவாசலுக்குள் போகப் பெண்களுக்கு மேலங்கி தருகிறார்கள், சொந்தத் துப்பட்டா இருந்தால் வசதி. தொழுகை நேரம் நெருங்கினால் வெளியே காத்திருக்கச் சொல்வார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளை அவசியம் கூட்டிப்போங்கள், அதற்குக் கீழே என்றால் சலித்துப்போவார்கள். முடிந்தால் வேறு சமயத்து நண்பர் ஒருவரோடு போங்கள். பேருந்தில் திரும்பி வரும்போது லாத்தாவும் நானும் திரித்துவத்தைப் பற்றித் தோ பாயோ வரைக்கும் வாதாடிக்கொண்டே வந்தோம், இன்னும் முடியவில்லை.